தொலைவிலிருந்து தோள் கொடுப்பவர்கள்: வாசகியர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெய்நிகர் உதவியாளர் பணியைப் பற்றியவை. தொழில் நடத்துபவரின் அலுவலக வேலைகளை வீட்டிலிருந்தே இணையம் வழியாகச் செய்துகொடுப்பதும், பலரும் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்றே குறிப்பிடுவதுமான இந்தப் பணியை, சிறு தொழில் நடத்தும் பெண்களுக்காகப் பதினொரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டவற்றையே இங்கே எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதித் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். கடிதங்களைத் தட்டச்சு செய்வதும், கோப்புகளைப் பராமரிப்பதும், மேலாளரின் சந்திப்புகளை ஒழுங்கு செய்வதும்தான் என் வேலை. குழந்தை பிறந்த பின் வேலையை விட்டுவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே மெய்நிகர் உதவியாளராகப் பணிபுரிய விரும்புகிறேன். ஆனால் விளம்பரங்களைப் பார்த்தால் இணையதள வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு, சமூக ஊடக நிர்வாகம் என்று பட்டியல் நீள்கிறது. எனக்குத் தெரிந்ததோ மிகச் சாதாரணமான வேலை. நான் முயலலாமா?

பதில்: தாராளமாக முயலலாம். சாதாரணம் என்று நீங்கள் ஒதுக்கிவைக்கும் வேலைக்குத்தான் இந்தத் தொழிலில் எப்போதும் தேவை இருக்கிறது. தனியாளாகத் தொழில் நடத்தும் ஒரு பெண்ணின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். பொருளை உருவாக்குவதோ சேவையை வழங்குவதோ அவருக்குக் கைவந்த கலை. அதில் அவர் பின்தங்குவதில்லை. விசாரித்து வந்த மின்னஞ்சலுக்கு நான்கு நாட்களாகப் பதில் போகாமல் இருப்பது, முடித்த வேலைக்கு இன்வாய்ஸ் (பணம் கேட்கும் பட்டியல்) அனுப்ப மறந்துபோவது, சந்திப்பை உறுதிசெய்யாமல் விட்டதால் எதிர்த்தரப்பு வராமல் போவது ஆகிய இடங்களில்தான் அவருடைய வருமானம் கசிகிறது. எடுத்த ஒரு விஷயத்தை முடியும்வரை கைவிடாமல் பின்தொடரும் ஒருவரைத்தான் அவர் தேடுகிறார். "அடுத்த வாரம் நினைவூட்டுங்கள்" என்று மேலாளர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி, மறுவாரம் தவறாமல் நினைவூட்டிய பழக்கம் உங்களிடம் ஒன்பது ஆண்டுகளாக ஊறியிருக்கிறது. புதிய செயலி ஒன்றைச் சில நாட்களில் கற்றுவிடலாம். இந்தப் பழக்கத்தைச் சில நாட்களில் யாருக்கும் கற்பிக்க முடியாது.

எனவே இருபது திறமைகளைப் பட்டியலிட முயலாமல், மின்னஞ்சல் பெட்டியை ஒழுங்குபடுத்துதல், சந்திப்புகளை நிர்வகித்தல், இன்வாய்ஸ் அனுப்பிப் பின்தொடர்தல் என்று மூன்று பணிகளை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். இணையவழி நாட்காட்டி, விரிதாள், பலர் சேர்ந்து திருத்தும் ஆவணம் ஆகிய மூன்றிலும் கை பழகும்வரை பயிற்சி செய்யுங்கள். முதல் வாய்ப்பை முன்பின் அறியாதவர்களிடம் தேடுவதைவிட, உங்களுடன் முன்பு பணிபுரிந்தவர்களிடம் தேடுவதே எளிது; உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். இரண்டு வாரச் சோதனைக் காலம் வேண்டுமென்று ஒரு நிறுவனர் கேட்டால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் உதவியாளராகப் பணிபுரியும் நிறுவனர் என் கல்லூரித் தோழி. வாரம் பத்து மணி நேரம் என்று தொடக்கத்தில் வாய்மொழியாகப் பேசிக்கொண்டோம். இப்போது இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்கிறேன். பத்து மணி நேரத்துக்குத்தான் பணம் வருகிறது. கேட்டால் நட்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். "நீ இல்லாமல் என்னால் முடியாதடி" என்று அவள் சொல்லும்போது எனக்கு வாய் எழுவதே இல்லை.

பதில்: சகோதரி, உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது, நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். இந்தப் பணியில் மூன்றாவது ஆண்டில், எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு நிறுவனருக்குக் கணக்கில் எழுதாமலே பல மணி நேரம் வேலை செய்துகொடுத்தேன். அவருடைய தொழில் வளர வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஒரு மாதம் நான் நோயுற்றுப் படுத்திருந்தபோது, அவர் வேறொருவரைத் தற்காலிகமாக அமர்த்தினார். அந்த உதவியாளர் உண்மையான நேரத்தை எழுதிக் கட்டணம் கேட்டபோது, அது நான் வாங்கிவந்த தொகையைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நான் திரும்பி வந்ததும் அவர் என்னைக் கேட்ட கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை. "எனக்கு ஆகும் உண்மையான செலவு இதுதான் என்று தெரிந்திருந்தால், என் விலையை அதற்கேற்ப வைத்திருப்பேனே, ஏன் மறைத்தீர்கள்?" என்றார்.

மறைத்தேன் என்ற சொல் அன்று என்னைச் சுட்டது, ஆனால் அவர் சொன்னது உண்மை. உங்கள் தோழி தம் சேவைக்கு விலை வைக்கும்போது உதவியாளர் செலவைப் பத்து மணி நேரமாகத்தான் கணக்கிடுகிறார். மீதி எட்டு மணி நேரமும் அவர் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அந்தக் கணக்கை நம்பித்தான் அவர் புதிய வாடிக்கையாளரை ஏற்கிறார், தள்ளுபடி தருகிறார், அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுகிறார். நாளை ஏதோ ஒரு காரணத்தால் உங்களால் தொடர முடியாமல் போனால், தொழில் தாங்காது என்பதை அவர் அப்போதுதான் அறிவார். பெண்களின் தொழிலுக்குத் துணைநிற்க விரும்பும் நாம், அவர்களுக்கு முதலில் தர வேண்டியது சரியான செலவுக் கணக்கைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். அடுத்த இரண்டு வாரங்களுக்கு நாள், வேலை, நிமிடம் ஆகியவற்றை ஒரு விரிதாளில் குறித்துவாருங்கள். அதன் பின், வேலை நெருக்கடி இல்லாத ஒரு நாளில், அந்தப் பட்டியலை முன்வைத்துப் பேசுங்கள். "இவ்வளவு நேரம் ஆகிறது, பத்து மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமானால் இன்னின்ன வேலைகளைக் குறைப்போம், எல்லாம் வேண்டுமானால் கட்டணத்தை மாற்றுவோம், எது உனக்குச் சரி என்று நீயே சொல்" என்று கேளுங்கள். முடிவெடுக்கும் உரிமையை அவரிடம் விட்டால், பேச்சு குறை சொல்வதாக மாறாது. கடந்த மாதங்களின் கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் அவருக்குத் தெரிவிக்காத நேரத்துக்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது.

இனிமேல் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த வேலைகள், கூடுதல் நேரம் தேவைப்பட்டால் முன்கூட்டியே யார் ஒப்புதல் தர வேண்டும், பணம் மாதத்தின் எந்த நாளில் வர வேண்டும், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, விலகிய பின் கோப்புகள் யாருக்கு உரியவை, எவற்றை வெளியே சொல்லக் கூடாது என்பவை ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். நம்மைப்போல் சுயமாகப் பணிபுரிவோருக்கு இந்த ஒப்பந்தம் மிகவும் அவசியமானது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டிலிருந்து பணிபுரிவோருக்காக 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது என்றாலும், சுயேச்சையான தொழிலாளராகக் கருதும் அளவுக்குத் தன்னாட்சியும் பொருளாதாரச் சுதந்திரமும் உடையவர்களை அது தன் வரையறைக்குள் சேர்க்கவில்லை. ஆகவே நம் வேலை நேரத்துக்கான வேலியைப் பெரும்பாலும் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரவுச் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகள் உறங்கிய பிறகுதான் பல பெண்களுக்குத் தம் தொழிலைப் பற்றி நினைக்கவே நேரம் கிடைக்கிறது. பதினொரு மணிக்கு உங்கள் தோழி அனுப்பும் செய்தியில், உடனே பதில் வேண்டும் என்ற எதிர்பார்ப்பைவிட, மறந்துவிடுவோமோ என்ற அச்சமே மிகுதியாக இருக்கக்கூடும். எனவே அனுப்பாதே என்று தடுக்காமல், எழுதும் இடத்தை மாற்றிக் கொடுங்கள். இருவரும் பார்க்கக்கூடிய ஒரு பணிப் பட்டியலைத் தொடங்கி, எந்த நேரத்தில் தோன்றினாலும் அதில் எழுதும்படி சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்கு நீங்கள் அதைத் திறந்து பாருங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதை இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். அழைக்க வேண்டும் என்ற நிலை வந்ததுமே, அவசரங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் கட்டணத்தை எப்படித் தீர்மானிப்பது? முன்பு வாங்கிய சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து, அதையே மணிக்கட்டணமாகக் கேட்டுவருகிறேன். ஆனாலும் ஆண்டு முடிவில் பழைய வருமானத்தில் பாதிதான் மிஞ்சுகிறது.

பதில்: வகுக்கும் எண்ணில்தான் பிழை இருக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேரம் மேசையில் அமர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் 52 வாரங்களால் பெருக்கினால் 1,560 மணி நேரம் வரும். ஆனால் விடுமுறை, நோய், குடும்பத் தேவை ஆகியவற்றுக்கு ஆறு வாரங்களைக் கழித்தால் எஞ்சுவது 46 வாரங்களே. அந்த 30 மணி நேரத்திலும் புதிய வாய்ப்புகளைத் தேடுவது, விசாரித்தவர்களுடன் பேசுவது, உங்கள் சொந்தக் கணக்கைப் பார்ப்பது, புதிதாக ஒன்றைக் கற்பது எல்லாம் போக, பணம் பெறக்கூடிய நேரம் 20 மணிதான் இருக்கும். ஆக ஆண்டுக்கு 920 மணி நேரம். உங்களுக்குத் தேவையான ஆண்டு வருமானத்துடன் வரி, கணினி, இணைய இணைப்பு, காப்பீடு, செயலிகளின் சந்தா ஆகியவற்றையும் கூட்டி, 920-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகையைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் காரணமாகக் குறைக்க வேண்டாம்.

இன்னொன்று. மணிக்கணக்கில் மட்டுமே கட்டணம் வாங்கினால், நீங்கள் வேலையில் தேர்ச்சி பெற்று விரைவாக முடிக்க முடிக்க உங்கள் வருமானம் குறையும். ஒரு நிறுவனருடன் இரண்டு மாதம் பழகிய பின், குறிப்பிட்ட பணிகளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அவருக்கும் செலவு முன்கூட்டியே தெரியும்.

கேள்வி: நான் உதவியாளர் அல்லள், உதவியாளர் தேவைப்படும் தொழில்முனைவர். கைவினைப் பொருட்களை இணையத்தில் விற்கிறேன். பொருளைச் செய்வது முதல் அனுப்புவது வரை எல்லாம் நானே. ஓர் உதவியாளரை அமர்த்தலாம் என்று நினைத்தால், அவருக்கு விளக்கும் நேரத்தில் நானே செய்துவிடலாமே என்று தோன்றுகிறது. தவிரவும், முகமறியாத ஒருவரிடம் கடவுச்சொற்களை எப்படிக் கொடுப்பது?

பதில்: விளக்குவதற்கு நேரமாகும் என்பது உண்மைதான். முதல் மூன்று வாரங்களில் உங்கள் வேலை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 15 நிமிடம் எடுக்கும் ஒரு வேலையை வாரத்துக்கு ஐந்து நாட்கள் செய்தால், ஆண்டுக்கு 65 மணி நேரம் ஆகிறது. அதை ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க மூன்று மணி நேரம் போதும்.

எதை முதலில் ஒப்படைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடிக்கடி வருகிற வேலையாகவும், தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளக்கூடியதாகவும், உங்கள் தனிப்பட்ட முடிவு தேவைப்படாததாகவும் இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். பொருள் எப்போது வந்துசேரும் என்று கேட்கும் மின்னஞ்சல்களுக்குப் பதில் அனுப்புவது, இன்வாய்ஸ் அனுப்புவது, நினைவூட்டுவது, விற்பனை விவரங்களை விரிதாளில் ஏற்றுவது ஆகியவை அத்தகையவை. விலை நிர்ணயம், கோபமாக எழுதிய வாடிக்கையாளருக்குப் பதில், பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய முடிவு ஆகியவை சில மாதங்களுக்கு உங்களிடமே இருக்கட்டும்.

விளக்குவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அந்த வேலையை நீங்கள் வழக்கம்போல் செய்யும்போதே கணினித் திரையைப் பதிவுசெய்து, ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள். அந்தப் பதிவைப் பார்த்துச் செயல்முறைக் குறிப்பை எழுதும் பொறுப்பை உதவியாளரிடம் கொடுங்கள். அவர் எழுதியதைப் படித்தாலே அவர் எதைப் புரிந்துகொண்டார், எதைத் தவறவிட்டார் என்பது தெரிந்துவிடும். திருத்தி முடித்த குறிப்பு உங்கள் நிறுவனத்தின் சொத்து. உதவியாளர் மாறினாலும் அது உங்களிடம் இருக்கும்.

கடவுச்சொற்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அவற்றைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஜிமெயிலில் உங்கள் பெட்டியைப் பயன்படுத்த மற்றொருவருக்கு அனுமதி தரும் வசதி இருக்கிறது. அவ்வாறு அனுமதி பெற்றவர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்தபடியே உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், நீக்கவும் செய்யலாம். உங்கள் கடவுச்சொல்லை மாற்ற அவரால் முடியாது. கூகுள் நாட்காட்டியிலும், நீங்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தை மட்டும் காட்டுவது முதல் திருத்தும் உரிமையைத் தருவது வரை படிப்படியான அனுமதிகள் உள்ளன. சமூக ஊடகப் பக்கங்களிலும் கணக்கியல் மென்பொருள்களிலும் பெரும்பாலும் தனிப் பயனராக ஒருவரைச் சேர்க்க முடியும். ஒரே கடவுச்சொல் மட்டுமே உள்ள சேவைகளுக்கு, அதைப் பாதுகாப்பாகப் பகிரும் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாதீர்கள். எல்லாக் கணக்குகளிலும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கட்டும். யாருக்கு எந்த அனுமதி கொடுத்தீர்கள் என்ற பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுதிவந்தால், அவர் விலகும் நாளில் ஒவ்வொன்றாக நீக்குவது அரை மணி நேர வேலைதான். வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் உரிமையை மட்டும் எவரிடமும் கொடுக்காதீர்கள். நல்ல உதவியாளர் அதைக் கேட்கவும் மாட்டார்.

உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி ஆகியவையும் இப்போது இன்னொருவர் கைக்குப் போகின்றன என்பதை மறக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் பொருள் விற்பவரானால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை உங்களையும் கட்டுப்படுத்தும். உங்கள் சார்பில் தரவைக் கையாள்பவருடன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தரவு கசிந்து மக்களுக்குப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு இருந்தால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் உரிய அதிகார அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே தவறு நேர்ந்தால் உதவியாளர் உடனே சொல்லும் சூழலை நீங்கள் உருவாக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனரின் அறிவிப்பை ஏறத்தாழ அறுபது வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியபோது, பெறுபவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் காண முடியாத மறை நகலில் (Bcc) இட வேண்டிய முகவரிகளை அனைவருக்கும் தெரியும் நகல் வரிசையில் இட்டுவிட்டேன். கைகள் நடுங்கின. பத்து நிமிடத்துக்குள் அவரை அழைத்துச் சொன்னேன். அவர் ஒரு கணம் மௌனமாக இருந்துவிட்டு, "சரி, மன்னிப்புக் கடிதத்தை எழுதத் தொடங்குவோம்" என்றார். அன்று அவர் சீறியிருந்தால், அடுத்த தவறை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆகியிருக்கும்.

கேள்வி: ஆலோசனை நிறுவனம் நடத்தும் ஒரு பெண்மணிக்குப் பணிபுரிகிறேன். பணம் தராமல் இழுத்தடிப்பவர்களுக்கு நான் அனுப்பும் நினைவூட்டல்களில், கணக்குப் பிரிவு மேலாளர் என்று ஓர் ஆண் பெயரில் கையொப்பமிடச் சொல்கிறார். அப்படி ஒருவர் நிறுவனத்தில் இல்லை. ஆனால் அந்தப் பெயரில் அனுப்பினால் உண்மையிலேயே பணம் விரைவாக வருகிறது. இது சரியா?

பதில்: உங்கள் நிறுவனர் கண்டது கற்பனையன்று, அவருக்கு முன்பும் பெண்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். 1962-இல் பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷெர்லி என்பவர் வெறும் ஆறு பவுண்டு முதலீட்டில் மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். திருமணமாகி, குழந்தை பெற்று, வேலையை விட்டிருந்த நிரலாளர்களான பெண்களுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை கொடுப்பதே அதன் நோக்கம். தம் பெயரில் அவர் எழுதிய வணிகக் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவரின் யோசனைப்படி ஸ்டீவ் என்று கையொப்பமிடத் தொடங்கிய பிறகே கதவுகள் திறந்தன. தொலைபேசியில் பேசும்போது வீட்டுக் குழந்தைகளின் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியதும் அவர்கள்தாம். வீட்டிலிருந்தபடி இன்று நாம் செய்யும் பணிக்கு அவர்களை முன்னோடிகளாகவே நான் கருதுகிறேன்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதும் மாறவில்லை. அமெரிக்காவில் விட்ச்சி என்ற இணையவழிக் கலைச் சந்தையைத் தொடங்கிய பெனலோப் கேசின், கேட் ட்வையர் என்ற இரு பெண்கள், தங்கள் கடிதங்களுக்கு மரியாதையான, விரைவான பதில் கிடைக்காததைக் கண்டு, கீத் மேன் என்ற ஆண் கூட்டாளி ஒருவரைக் கற்பனையாக உருவாக்கினார்கள். அவர் பெயரில் எழுதியதும் பதில்கள் விரைந்து வந்தன. 2017-இல் இச்செய்தி பரவலாக வெளிவந்தது.

இத்தனையும் தெரிந்திருந்தும், அந்தப் பெயரில் இனி அனுப்ப வேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்வேன். ஷெர்லி தமக்குரிய பெயரைச் சுருக்கிக்கொண்டார். கடிதத்தின் பின்னால் அவர் இருந்தார். உங்கள் நிலை வேறு. இல்லாத ஒருவர் பெயரில் பணம் கேட்கிறீர்கள். நாளை அந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால், அந்தக் கடிதங்களை எழுதியவர் யார் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். எதிர்த்தரப்பு தொலைபேசியில் அவரிடம் பேச வேண்டும் என்று கேட்டால், ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று வேண்டியிருக்கும். என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. நாள் தவறாமல் பின்தொடர்ந்து அந்தப் பணத்தை வசூலித்தவர் நீங்கள். அந்தப் பெருமை முழுவதும் இல்லாத ஓர் ஆணின் பெயரில் சேர்கிறது.

அந்தக் கடிதங்கள் பலன் தந்ததற்கு ஆண் பெயர் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிறுவனரோடு இனிமையாகப் பழகிய ஒருவர், பணத்தைத் தள்ளிப்போடும்போது அந்தப் பழக்கத்தையே சாக்காக எடுத்துக்கொள்வார். கணக்குப் பிரிவு என்று தனியாக ஒன்று எழுதினால் அந்தச் சலுகை நின்றுவிடும். அதைப் பொய்யின்றியே செய்யலாம். கணக்குகளுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கி, உங்கள் சொந்தப் பெயரையும், நிறுவனர் எழுத்து மூலம் உங்களுக்கு அளித்த கணக்குப் பொறுப்பாளர் என்ற பதவியையும் இட்டு அனுப்புங்கள். பணம் செலுத்த வேண்டிய நாளை, முப்பது நாட்களுக்குள் என்று பொதுவாகச் சொல்லாமல், தேதியாகவே இன்வாய்ஸில் குறிப்பிடுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒன்று, அன்றைக்கு ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று என நினைவூட்டல்கள் ஒழுங்காகப் போகட்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால் பணி நிறுத்தப்படும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அதை மேற்கோள் காட்டுங்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்", "முடிந்தால் பாருங்கள்" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். நியாயமாக வர வேண்டிய பணத்தைக் கேட்க மன்னிப்புத் தேவையில்லை. மூன்று மாதம் இப்படிச் செய்து, வந்த தொகையையும் எடுத்த நாட்களையும் நிறுவனருக்குக் காட்டுங்கள். அவர் மனம் மாற அந்தக் கணக்கே போதுமானதாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

நிறுவனர் படித்து ஒப்புதல் தந்த கடிதத்தை அவர் பெயரிலேயே நீங்கள் அனுப்புவது இதில் சேராது. கடிதம் அவருடையது, எழுதிய கை மட்டும் உங்களுடையது.

கேள்வி: நேர்காணல் எதுவுமின்றி எனக்கு மெய்நிகர் உதவியாளர் வேலை தந்திருக்கிறார்கள். என் வங்கிக் கணக்குக்கு வரும் பணத்தில் என் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, மீதியை அவர்கள் சொல்லும் கணக்குகளுக்கு அனுப்புவதுதான் முதல் பணியாம். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். வேறு யாரிடமிருந்தோ ஏமாற்றிப் பறித்த பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்தும் வழி இது; விசாரணை வரும்போது வங்கிப் பதிவில் இருப்பது உங்கள் பெயர். கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிகுதியை உடனே திருப்பி அனுப்பச் சொல்வதும், பரிசு அட்டைகளை வாங்கி அதன் எண்களை அனுப்பச் சொல்வதும், பதிவுக் கட்டணம் கேட்பதும் இதே வகை. காசோலை போலி என்று வங்கி கண்டுபிடிக்கும்போது உங்கள் பணம் போயிருக்கும். கணக்கு விவரத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள், பணம் வந்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் மின்னஞ்சல்களைச் சாட்ஜிபிடியில் இட்டுப் பதில்களைத் தயாரிக்கிறேன். வேலை விரைவாக முடிகிறது. நிறுவனரிடம் இதைச் சொல்ல வேண்டுமா? அவருக்குத் தெரிந்தால் நான் எதற்கு என்று நினைத்துவிடுவாரோ?

பதில்: சொல்லியே ஆக வேண்டும். அந்த மின்னஞ்சல்களில் இருப்பது பிறருடைய பெயரும் முகவரியும் குறைகளும். அவற்றை வெளிச் சேவை ஒன்றில் இட அனுமதிப்பவர் நிறுவனரே. எந்தச் செயலி, எந்தெந்த வேலைக்கு என்பதை எழுத்தில் கேட்டு ஒப்புதல் பெறுங்கள். ஒப்புதல் கிடைத்த பின்னும் பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டே இடுங்கள்; வருகிற பதிலில் தேதி, தொகை, வாக்குறுதி ஆகிய மூன்றையும் உங்கள் கண்ணால் சரிபாருங்கள். இல்லாத சலுகையை இருப்பதாக அது எழுதிவிட்டால், அதை நிறைவேற்ற வேண்டியவர் நிறுவனர்.

உங்கள் இரண்டாவது அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, தட்டச்சு, சுருக்கம், எளிய பதில் கடிதம் ஆகியவற்றுக்கு மட்டும் கூலி வாங்கியவர்களின் நிலை கடினமாகியிருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக ஒழுங்காக வாங்கிவந்த ஒருவர் இந்த மாதம் ஏன் வாங்கவில்லை என்று கவனித்து, நிறுவனரிடம் சொல்வது உங்களால்தான் ஆகும். அவரையும் அவருடைய வாடிக்கையாளர்களையும் தொடர்ந்து அறிந்தவர் நீங்கள். மிச்சமாகும் நேரத்தை அதில் செலவிடுங்கள், செலவிட்டதை மாத அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: நான் பணிபுரியும் நிறுவனர் லண்டனில் இருக்கிறார், அவருடைய முக்கிய வாடிக்கையாளர் நியூயார்க்கில். கடந்த மார்ச் மாதம் வழக்கமான ஜூம் சந்திப்பில் வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் முன்பே வந்து காத்திருந்து, கோபத்துடன் வெளியேறிவிட்டார். நான் நேரத்தை மாற்றவே இல்லை. தவறு எங்கே நேர்ந்தது?

பதில்: நீங்கள் நேரத்தை மாற்றவில்லை, கடிகாரங்கள் மாறின. அமெரிக்காவில் கோடைக்கால நேரம், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னோக்கி வைக்கும் வழக்கம், மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்று தொடங்கி, நவம்பரின் முதல் ஞாயிறு அன்று முடிகிறது. பிரிட்டனிலும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளிலும் அது மார்ச்சின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபரின் கடைசி ஞாயிறு வரை. இதனால் வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் லண்டன் – நியூயார்க் வேறுபாடு, மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களும், இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் நான்கு மணி நேரமாகிவிடுகிறது. சந்திப்பு நியூயார்க் நேரப்படி பதிவாகியிருந்தால் லண்டனில் இருப்பவருக்கு அது மாறும். லண்டன் நேரப்படி இருந்தால் எதிர்ப்பக்கம் மாறும். தென்கோளத்தில் ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் கோடைக்கால நேரம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிவதால் குழப்பம் இன்னும் கூடும்.

ஒவ்வொரு தொடர் சந்திப்புக்கும் எந்த நகரத்தின் நேரம் அடிப்படை என்பதை இருதரப்பிலும் கேட்டு முடிவுசெய்து, நாட்காட்டியில் அந்த நகரத்தின் நேர மண்டலத்தையே தேர்ந்தெடுங்கள். அழைப்பிதழில் இரு நகரங்களின் நேரத்தையும் எழுதுங்கள். கடிகாரம் மாறும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முந்தைய வியாழன்தோறும், அடுத்த இரு வாரங்களின் எல்லாச் சந்திப்புகளையும் சரிபார்க்கும் நினைவூட்டலை உங்களுக்கே இட்டுக்கொள்ளுங்கள். அந்த வாடிக்கையாளருக்கு என்ன நடந்தது என்பதை இரண்டு வரிகளில் விளக்கும் கடிதம் இன்னும் போகவில்லை என்றால், அதை இன்று எழுதி நிறுவனரின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள்.